பக்கத்து மனையில் அடுக்குமாடி வருது... உங்ககிட்ட சொல்லணுமா? திட்ட அனுமதியில் யாருக்கு நோட்டீஸ், யாருக்கு இல்லை?

அம்பத்தூர் ஒரகடமோ, ஆவடி பருத்திப்பட்டோ, பூந்தமல்லி காட்டுப்பாக்கமோ... வருஷக்கணக்கா முள்செடி மண்டிக் கிடந்த பக்கத்து மனை. ஒருநாள் காலையில் பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தால் ஜேசிபி நிற்கிறது. லாரி லாரியாக மண் இறங்குகிறது. "என்ன சார் வருது?" என்று கேட்டால், "ஸ்டில்ட் பிளஸ் அஞ்சு" என்கிறார் மேஸ்திரி.

உடனே மனசுல வர்ற கேள்வி இதுதான்: "இவ்ளோ பெரிய கட்டடம் கட்டுறாங்க, சுத்தி இருக்கிற எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? ஒரு நோட்டீஸ்கூட வரலையே!"

பலருக்கும் ஏமாற்றம் தரக்கூடிய பதில்: பெரும்பாலான கட்டடங்களுக்கு உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தமிழ்நாட்டு விதிகளில் இல்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. சட்டம் உங்களைக் கேட்கிற இடங்களும் இருக்கின்றன. அவை ஜேசிபி வருவதற்கு ரொம்ப முன்னாடியே வந்து, நாம் கவனிக்காமலே போய்விடுகின்றன.

எந்தக் கட்டத்தில் யாருக்கு அறிவிப்பு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், யார் அனுமதி தருகிறார்கள்?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. நிலத்தை மனைகளாகப் பிரிப்பது, கட்டடம் கட்டுவது, நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவது எல்லாம் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. கட்டட விதிகள் 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கின்றன.

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதி முழுக்க சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின், அதாவது சிஎம்டிஏவின் எல்லைக்குள் வருகிறது. சின்ன வீடுகளுக்கான அனுமதியை உள்ளாட்சி அமைப்பே தந்துவிடும். பெரிய கட்டடங்களும் லேஅவுட்டுகளும் சிஎம்டிஏவுக்குப் போகும்.

உங்கள் உள்ளாட்சி எது என்பதில் குழப்பம் வரலாம். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, இப்போது 7-வது மண்டலம். ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் பக்கம் எல்லை மாற்றப் பேச்சு அடிக்கடி எழுகிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் சொத்து வரி ரசீதைப் பாருங்கள். அதில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறதோ, உங்கள் மனு அங்கேதான் போக வேண்டும்.

பக்கத்து மனையில் கட்டடம்: அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் உண்டா?

இல்லை. விதிப்படி நிலம் குடியிருப்பு மண்டலத்தில் இருந்து, சாலை அகலம், பக்கவாட்டு இடைவெளி, உயரம், பார்க்கிங் எல்லாம் கணக்குக்குள் வந்துவிட்டால், மனைக்காரர் விண்ணப்பிக்கலாம், அனுமதி வாங்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் போட வேண்டும், தெருவில் நோட்டீஸ் ஒட்டி ஆட்சேபணை கேட்க வேண்டும் என்பது நடைமுறையில் இல்லை.

சின்ன வீடுகளுக்கு வேகம் இன்னும் அதிகம். 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஆவணங்களைப் பதிவேற்றி, கட்டணம் கட்டினால் ஆன்லைனிலேயே உடனடியாக அனுமதி கிடைக்கும். வீடு கட்டுகிறவருக்கு இது பெரிய நிம்மதி, அலைச்சல் மிச்சம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தெரிந்துகொள்வதற்கு இடையில் அவகாசமே இல்லை.

அப்போ யாருக்குத்தான் சொல்கிறார்கள்?

அலுவலகங்களுக்கு. கட்டடம் பெரிதாக ஆக, கேட்க வேண்டிய துறைகளின் பட்டியலும் நீளும்.

18.30 மீட்டருக்கு மேல் போனால் அது 'உயரமான கட்டடம்'. அதற்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று தேவை. போக்குவரத்து காவல்துறையிடம் கேட்க வேண்டும். இடத்தையும் உயரத்தையும் பொறுத்து விமான நிலைய ஆணையத்திடம் கேட்க வேண்டும். ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், ராணுவக் கிடங்கு என்று பாதுகாப்புத் துறை இடங்கள் ஏராளம். அவற்றின் அருகில் என்றால் அந்தத் துறையையும் கேட்க வேண்டியிருக்கும்.

இதில் நம் பகுதிக்கு முக்கியமானது நீர்வளத் துறையின் சான்று. ஏரி, கால்வாய் அருகில் இருக்கும் இடம், தண்ணீர் தேங்கும் இடம் என்றால் அந்தத் துறை ஆய்வு செய்து கருத்துச் சொல்லும். மனையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தச் சான்றில் வருவதுண்டு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புது கட்டடம் மூழ்கக் கூடாது என்று மூன்றடி மண் கொட்டச் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அந்த மனையில் இத்தனை வருஷமாக நின்ற மழைத்தண்ணீர் இனி எங்கே போகும்? இருபது வருஷத்துக்கு முன்னாடி தரையோடு தரையாகக் கட்டிய பக்கத்து வீட்டுக்குத்தான். 2015 வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தீயணைப்பைக் கேட்டார்கள், போக்குவரத்தைக் கேட்டார்கள், நீர்வளத் துறையையும் கேட்டார்கள். அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் வரப்போகிறதோ, அவரை மட்டும் கேட்கவில்லை.

நோட்டீஸ் எதற்கு என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. 'எனக்குக் காற்று வராது, வியூ மறைக்கும்' என்று சண்டை போடுவதற்காக அல்ல. பத்து வருஷமாக அந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அங்கே குடியிருப்பவருக்குத் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது.

எப்போது பொதுமக்களைக் கேட்டே ஆக வேண்டும்?

1. நிலத்தின் வகைப்பாட்டை மாற்றும்போது

சிஎம்டிஏவின் முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு வகைப்பாடு இருக்கிறது. குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை என்று. வேளாண் நிலத்தில் அடுக்குமாடி கட்ட வேண்டுமா? பழைய தொழிற்சாலை நின்ற இடத்தில் வீடுகள் கட்ட வேண்டுமா? முதலில் வகைப்பாட்டை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கேதான் உங்களுக்கு வாய்ப்பு. இந்த விண்ணப்பம் வந்தால் நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபணையையும் ஆலோசனையையும் கேட்கிறார்கள். வழக்கமாக 21 நாள் அவகாசம். கடைசித் தேதியும் யாருக்கு எழுத வேண்டும் என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருக்கும். அதன் பிறகுதான் தொழில்நுட்பக் குழு, குழுமக் கூட்டம், அரசிதழ் எல்லாம்.

ஆட்சேபிக்க நீங்கள் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதே தெரு, அதே ஏரியின் கீழ்மடை, அதே பஸ் ரூட்... யாராக இருந்தாலும் எழுதலாம்.

ஆனால் நடைமுறையில் ஏன் யாருக்கும் தெரிவதில்லை? அறிவிப்பில் உங்கள் நகர் பெயர் இருக்காது. 'இன்ன கிராமம், சர்வே எண் இத்தனையின் உட்பிரிவு இத்தனை' என்றுதான் இருக்கும். நாம் 'அந்த நகர் மூணாவது தெரு' என்று சொல்லிப் பழகியவர்கள். நம் வீடு எந்த வருவாய் கிராமத்தில் இருக்கிறது என்பதே பத்திரத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அயனம்பாக்கமா, அத்திப்பட்டா, கோவில்பதாகையா? போதாக்குறைக்கு ஒரே பெயரில் இரண்டு ஊர்கள். அம்பத்தூரிலும் ஒரகடம் உண்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் ஒரகடம் உண்டு. 'நம்ம ஒரகடம் இல்லப்பா, கார் கம்பெனி ஒரகடம்' என்று நினைத்துத் தாண்டிப் போனால் 21 நாளும் போச்சு.

2. முழுமைத் திட்டம் போடும்போது

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பர் 2-ல் அமலுக்கு வந்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. அடுத்து 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாரிப்பில் இருக்கிறது.

இப்படி ஒரு திட்டத்தின் வரைவு வரும்போது அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்று 1971 சட்டத்தின் 26-வது பிரிவு சொல்கிறது. யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். அவகாசம் இரண்டு மாதங்களுக்குக் குறையக் கூடாது. ஒரு சின்னப் பகுதிக்கான விரிவான வளர்ச்சித் திட்டத்துக்கும் இப்படிப் பொது அறிவிப்பு உண்டு. திருமழிசை போன்ற இடங்களுக்குத் துணை நகரத் திட்டங்கள் வரும்போதும் இதே வழிதான்.

பக்கத்து வயல் இன்னும் பத்து வருஷத்தில் வயலாகவே இருக்குமா, அடுக்குமாடி ஆகுமா என்பது உண்மையில் முடிவாவது இங்கேதான். ஜேசிபி வரும்போது நாம் கேட்கிற கேள்விக்கான பதில், இந்த வரைபடத்தில் ஒரு நிறமாக எப்போதோ தீட்டப்பட்டிருக்கும். மஞ்சளா, பச்சையா, ஊதாவா என்று அந்த இரண்டு மாதத்தில் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

3. மிகப் பெரிய கட்டுமானங்கள்

கட்டப்படும் மொத்தப் பரப்பு 20,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடியைத் தொட்டால், சுற்றுச்சூழல் அனுமதியும் தேவை. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இதைச் சொல்கிறது.

'சுற்றுச்சூழல் அனுமதின்னா மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கணுமே?' என்று கேட்கலாம். தொழிற்சாலை, சுரங்கம் போன்றவற்றுக்கு நடக்கும். 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவித்து, பகுதியிலேயே கூட்டம் போட வேண்டும். ஆனால் கட்டட, நகரியத் திட்டங்களுக்கு அதே அறிவிக்கை கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு தந்திருக்கிறது. அனுமதி கிடைத்த பிறகு, 'எங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது' என்று இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும். நம்மைக் கேட்பதற்கு அல்ல, நமக்குச் சொல்வதற்கு.

நிலத்திலேயே பங்கு இருந்தால்?

அக்கம்பக்கத்தாருக்கு உரிமை குறைவு. ஆனால் நிலத்திலோ கட்டடத்திலோ பங்கு உள்ளவர்களின் நிலைமை வேறு.

கூட்டு உரிமையாளர்கள்: தாத்தா நிலம், மூணு பிள்ளைகள், பாகப்பிரிவினை ஆகவில்லை. ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டு பிளான் அப்ரூவல் வாங்க முடியாது. விண்ணப்பம் உரிமையாளர் அத்தனை பேரின் பெயரிலோ, அவர்கள் தந்த பவர் பத்திரத்தின் பேரிலோ இருக்க வேண்டும். உங்களைத் தாண்டி விண்ணப்பம் போயிருந்தால், அதுவே வலுவான ஆட்சேபணை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: திட்ட அனுமதி என்பது உரிமைச் சான்று அல்ல. 'நிலம் யாருடையது' என்ற சண்டையை சிஎம்டிஏ தீர்க்காது, அதற்கு சிவில் நீதிமன்றம்தான்.

ஃபிளாட் வாங்கியவர்கள்: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் என்றால் திட்டத்தை ரெராவில் பதிவு செய்ய வேண்டும். பதிவான திட்டத்தில் பில்டர் பிறகு ஒரு மாடி கூட்டவோ, பூங்கா என்று காட்டிய இடத்தில் இன்னொரு பிளாக் கட்டவோ நினைத்தால், வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். ரெரா சட்டத்தின் 14-வது பிரிவு இது. அப்ரூவல் திருத்தம் வாங்கிட்டோம் என்று பில்டர் சொன்னால், 'எங்க சம்மதம் எங்கே?' என்று கேளுங்கள்.

பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்டும்போது: தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ன்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் செய்யலாம். அம்பத்தூர், ஆவடி பகுதியில் பழைய பிளாக்குகளில் இருப்பவர்களுக்கு வரும் வருஷங்களில் இது அடிக்கடி காதில் விழப்போகும் விஷயம்.

எல்லை அளக்கும்போது: பக்கத்து நிலத்தை சர்வேயர் அளக்க வந்தால், ஒட்டிய நிலத்துக்காரருக்கு அறிவிப்பது நடைமுறை. அந்த நோட்டீஸ் வந்தால் 'நம்ம நிலமா, அவங்க நிலம்தானே' என்று விட்டுவிடாதீர்கள். நேரில் போய் நில்லுங்கள். கல் ஒரு அடி தள்ளி ஊன்றப்பட்டால், நாளை சுவரும் ஒரு அடி தள்ளித்தான் எழும்பும்.

மவுலிவாக்கம் சொல்லும் பாடம்

போரூர் பக்கம் போகிறவர்கள் மறக்க முடியாத பெயர் மவுலிவாக்கம். 2014 ஜூன் 28 மாலை, மழை பெய்துகொண்டிருந்தபோது அங்கே கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் கட்டுமானத் தொழிலாளர்கள். அனுமதி இல்லாமல் எழுந்த கட்டடம் அல்ல அது. சிஎம்டிஏவின் திட்ட அனுமதி பெற்றது. ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

பக்கத்திலேயே அதே திட்டத்தின் இன்னொரு 11 மாடிக் கட்டடம் நின்றது. அதுவும் பாதுகாப்பானது இல்லை என்று முடிவாகி, 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கு முன்னால் சுற்றியிருந்த வீடுகளில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள்.

கட்டும்போது அந்த வீடுகளை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இடிக்கும்போதுதான் கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முன்பே நோட்டீஸ் போயிருந்தால் கட்டடம் விழுந்திருக்காது என்று சொல்ல முடியாது. அஸ்திவாரத்தின் பலத்தை அவர்கள் அளந்து சொல்லப் போவதில்லை. ஆனால் பெரிய கட்டடத்தின் ஆபத்து அதன் மனை எல்லைக்குள் நின்றுவிடாது என்பதை மவுலிவாக்கம் காட்டிவிட்டது.

மற்ற இடங்களில் எப்படி?

இங்கிலாந்தில் திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் வந்தால், உள்ளூர் நிர்வாகம் அந்த இடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும், அல்லது ஒட்டிய வீடுகளுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். கருத்துச் சொல்ல 21 நாள். பெரிய திட்டம் என்றால் செய்தித்தாளிலும் வர வேண்டும். விண்ணப்பிக்கிறவர் நிலத்தின் முழு உரிமையாளர் இல்லை என்றால், மற்ற உரிமையாளர்களுக்கும் குத்தகை விவசாயிகளுக்கும் அவரே நோட்டீஸ் தர வேண்டும். எதிர்ப்பு வந்தாலே அனுமதி மறுக்கப்படும் என்பதில்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் அதைப் படித்தாக வேண்டும்.

நம்மிடம் வகைப்பாடு மாற்றத்துக்கு இருக்கும் 21 நாள், அங்கே பக்கத்து வீட்டுக் கட்டடத்துக்கே இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது பெரிய வித்தியாசம்.

நோட்டீஸ் வரவில்லை... நாமே எப்படித் தெரிந்துகொள்வது?

சைட்டில் பலகையைப் பாருங்கள். 2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் நாடு முழுமைக்கும் உத்தரவுகள் போட்டது. கட்டுமானம் நடக்கும் காலம் முழுக்க, அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை அந்த இடத்திலேயே மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வு செய்து பதிவு வைக்க வேண்டும் என்றும் சொன்னது. பலகை இல்லையா? போட்டோ எடுத்து, அதையே முதல் புகாராக எழுதுங்கள்.

உங்கள் சர்வே நம்பரைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்திரத்தில் இருக்கும். உங்களுடையது மட்டுமல்ல, பக்கத்து காலி மனையின் நம்பரும். வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டாவும் புலப்படமும் பார்க்கலாம். சிஎம்டிஏ தளத்தில் அந்த நம்பரின் நில வகைப்பாடு என்ன என்று தேடலாம், அனுமதிக்கப்பட்ட லேஅவுட்டுகளையும் பார்க்கலாம். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் கிராமப் பெயரையும் சர்வே நம்பர்களையும் பின் செய்து வையுங்கள். நாளிதழ் அறிவிப்பு வந்தால் யாராவது ஒருத்தர் கண்ணில் படும்.

ஆர்டிஐ போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். அனுமதிக் கடிதத்தின் நகல், வரைபடம், நீர்வளத் துறைச் சான்றின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் கேட்பது இன்னொருவர் ரகசியமாக வைக்கச் சொன்ன தகவல் என்றால், சட்டத்தின் 11-வது பிரிவுப்படி ஐந்து நாளுக்குள் அவருக்கு நோட்டீஸ் போகும், அவர் கருத்துச் சொல்லப் பத்து நாள் அவகாசமும் உண்டு. கட்டடம் கட்டும்போது உங்களுக்கு நோட்டீஸ் இல்லை. அதைப் பற்றி நீங்கள் கேட்டால் கட்டுகிறவருக்கு நோட்டீஸ் போகலாம்!

கிராம சபை, பகுதி சபை. பூந்தமல்லி ஒன்றியத்தின் ஊராட்சிகளில் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை. மாநகராட்சி, நகராட்சியில் பகுதி சபை. ஒரு தனியார் கட்டடத்துக்கான திட்ட அனுமதியை இவை தடுத்துவிட முடியாது. ஆனால் 'இந்தத் தெருவில் மழைநீர் போக வழியில்லாமல் மனை உயர்த்தப்படுகிறது' என்று தீர்மானமாகப் பதிவாகிவிட்டால், பின்னால் அது எழுத்துச் சாட்சி.

ஆட்சேபணை எழுதும்போது...

எது எடுபடும், எது எடுபடாது என்று தெரிந்து எழுதுங்கள்.

எடுபடாதவை: வெளிச்சம் குறையும், வியூ மறைக்கும், 'யார் யாரோ குடிவருவாங்க', எங்கள் ஃபிளாட் விலை இறங்கும்.

எடுபடுபவை: சாலையின் உண்மையான அகலம் வரைபடத்தில் காட்டியதைவிடக் குறைவு. உங்கள் தனிப் பாதையைப் பொதுச் சாலையாகக் காட்டியிருக்கிறார்கள். வாய்க்கால் அல்லது நீர்நிலைப் புறம்போக்கை உள்ளே சேர்த்திருக்கிறார்கள். இடம் புழல் ஏரி நீர்ப்பிடிப்புக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. பக்கவாட்டு இடைவெளி விடவில்லை. கூட்டு உரிமையாளர் கையெழுத்து இல்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் சாலை போக 10 சதவீத நிலத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தந்தாக வேண்டும், அதைத் தரவில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ, சர்வே நம்பர், தேதி. மனு உள்ளாட்சிக்கு ஒன்று, எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கும் சிஎம்டிஏ உறுப்பினர் செயலருக்கு ஒன்று. ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். வேலை ஆரம்பித்துவிட்டாலும், அனுமதியை மீறிய கட்டுமானத்தை நிறுத்தச் சொல்ல 57-வது பிரிவும், அகற்றச் சொல்ல 56-வது பிரிவும் அதிகாரம் தருகின்றன. மனுவுக்குப் பதிலே இல்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அங்கே முதலில் கேட்பது, 'அதிகாரிகளிடம் எப்போது மனு கொடுத்தீர்கள்?' என்பதைத்தான். அந்த ஒப்புகையைத் தொலைத்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வரும் அந்த ஒரு நோட்டீஸ்

கடைசியாக ஒன்று. எந்த நோட்டீஸும் வராத இந்தக் கதையில், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தபாலில் வரக்கூடிய ஒரு காகிதம் உண்டு. அதன் பெயர் கேவியட்.

நீங்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கிவிடுவீர்களோ என்று கட்டுகிறவர் நினைத்தால், 'என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று முன்கூட்டியே சிவில் நீதிமன்றத்தில் மனு போட்டு, அதன் நகலை உங்களுக்கு அனுப்புவார். சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவு. அது 90 நாள் செல்லும். வக்கீல் சீலைப் பார்த்ததும் 'நம்ம மேல கேஸ் போட்டுட்டாங்க' என்று வீட்டில் பெரியவர்கள் பயந்துபோவார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. அது உங்கள் மேல் போட்ட வழக்கு அல்ல. நீங்கள் வழக்குப் போட்டால் முதலில் அவருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான்.

தனக்குத் தெரியாமல் எதுவும் நடந்துவிடக் கூடாது என்று கட்டுகிறவர் எவ்வளவு கவனமாக இருக்கிறார் பாருங்கள். அதே கவனம் நமக்கும் வேண்டும். பத்திரத்தை எடுத்து, கிராமப் பெயரையும் சர்வே நம்பரையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வைங்க. அடுத்த தடவை நாளிதழில் அந்தப் பெயர் வரும்போது, 21 நாளும் உங்க கையில இருக்கும்.